பட்டிக் கேபிளும் கட்டார்க் கடிதமும்

பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் தொழிலில் வாடிக்கையாளர் பேர் சொல்லிக் கேட்பது ப்ரொசஸரை. பூட்டுகிறவனின் உயிரை வாங்குவது கேபிள்.

நீங்களும் ஒரு காலத்தில் கேசிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று விரல் அகலச் சாம்பல் பட்டி ஒன்றைக் கையில் பிடித்தபடி, இது எந்தப் பக்கம் போகும் என்று தலையைச் சொறிந்தவரா? அப்படியென்றால் நாம் ஒரே நோயில் படுத்தவர்கள். மற்றவர்களுக்காக இரண்டு வரி சொல்கிறேன். ஹாட் டிஸ்க்கையும் சீடி ட்ரைவையும் மதர்போட்டோடு இணைப்பது இந்தப் பட்டிதான். அதன் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். செருகுகிற இடத்தில் ஒன்று என்று இலக்கம் போட்ட பக்கத்தில் அந்தக் கோடு போய் உட்கார வேண்டும். தொண்ணூறுகளின் மலிவுக் கேபிள்களில் தடுப்பதற்குப் பல் எதுவும் கிடையாது. நேராகவும் போகும், தலைகீழாகவும் போகும். போன பிறகுதான் கூத்து.

விளக்கு எரிந்தது

முதல் பெட்டியை எங்கள் வீட்டு ஹோலில் வைத்துப் பூட்டினேன். எங்கள் வீடு என்றால் என் மனைவி பௌஸியாவின் வீடு. அவளைக் கட்டி, கல்முனைக்குடியில் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. கடைத்தெருவில் ரேடியோவும் டீவியும் திருத்திக்கொண்டிருந்தவன், கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து அந்த வேலையை விட்டுவிட்டு, மாமியின் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். மாமா, மாமி, பௌஸியா மூன்று பேரும் சுற்றி நிற்க, பிஸ்மி சொல்லி சுவிட்சைத் தட்டினேன். ஃப்ளொப்பி ட்ரைவில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப் போனது. மாமி மாஷா அல்லாஹ் சொன்னார்.

எரிந்த விளக்கு அணையவேயில்லை. திரையிலோ ஒரு அசைவும் இல்லை. அந்த விளக்கு விடாமல் எரிந்தால் ஃப்ளொப்பியின் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறோம் என்று அர்த்தம். இது எனக்கு விளங்க மறுநாளாகிவிட்டது. அதுவரைக்கும், விளக்கு எரிவது நல்ல சகுனம், உள்ளே ஏதோ நடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று மாமாவோடு வாதாடிக்கொண்டிருந்தேன். மாமா தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். முத்திரை சரியாக ஒட்டாத கடிதத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லைட் எரியிறதுதான் வேலையெண்டா மருமகன், நம்மட ஃப்ரிட்ஜும் கொம்பியூட்டர்தான்."

நோன்புப் பிறைக்குள்

அதே வாரம்தான் கட்டார் நாட்டிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் பௌஸியாவின் மூத்த சகோதரர் நஸீர் மச்சான். நல்ல மனுஷர், நன்மைக்குத்தான் எழுதியிருந்தார். அவர் வேலை செய்யும் மின்சாமான் கடையில் ஒரு இடம் காலியாகப் போகிறது, நோன்பு மாதம் பிறப்பதற்கு முன் சம்மதம் எழுதினால் விசா வந்துவிடும். ஊரில் இதை வேண்டாம் என்கிறவனைக் கிறுக்கன் என்பார்கள். எனக்கோ போக விருப்பமே இல்லை. கறுப்புத் திரையில் ஹாட் டிஸ்க்கின் பெயர் வெள்ளை எழுத்தில் வந்து நிற்கிற நொடி இருக்கிறதே, அந்த நொடியில் வருகிற சந்தோஷம் எனக்குப் பெருநாள் காலையில்கூட வந்ததில்லை. அதை விட்டுவிட்டு எங்கே போவது? போகவா இருக்கவா என்று பௌஸியாவிடம் கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

தீர்ப்புச் சொன்னவர் மாமா. நோன்புக்கு இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் வெளி வீடுகள் மூன்றுக்கு மூன்று கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்க வேண்டும், ஒன்றாவது பழுதென்று திரும்பி வரக்கூடாது என்றார். இதில் எனக்குச் சம்மதமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முடித்தார்: "மூணும் போன இடத்தில கிடந்தா நீங்களும் இஞ்ச கிடக்கலாம். ஒண்டு இந்த வாசலுக்குத் திரும்பி வந்தாலும் நீங்க கட்டாருக்கு வெளிக்கிடுங்க."

பேக்குக்குள் என்ன

சாமான் வாங்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். போவதில் கஷ்டம் இல்லை, வருவதில்தான். வழியில் இருந்த செக் பொயின்ட் ஒவ்வொன்றிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, பேக்கைத் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். மற்றவர்களின் பேக்கில் உடுப்பும் பிஸ்கட்டும் இருக்கும். என் பேக்கில் பச்சைப் பலகைகளும் சுருட்டி வைத்த வயர்களும். அந்த யுத்த காலத்தில், குண்டுச் சாமான் என்று சந்தேகப்பட அதைவிட மோசமான சாமான் சுமக்க முடியாது. நட்டநடு வெயிலில், ஒரு இளம் ஆமிக்காரர் என் கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் விரித்தார். பஸ் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களம் அத்தனையும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

ஒருவழியாக, இது கம்ப்யூட்டர் சாமான், வீட்டில் வைத்துப் பூட்டுவேன் என்று விளங்கப்படுத்தினேன். கடை ரசீதையும் காட்டினேன். அவருடைய முகம் மாறிவிட்டது. எது எதற்கு என்று ஆசையாகக் கேட்கத் தொடங்கினார். சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்தார். பஸ் கண்டக்டர் கத்த, நான் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்த, எனக்கே உற்சாகம் பிடித்துவிட்டது. கடைசியில் அவரே கேபிள்களை அழகாக மடித்து உள்ளே வைத்தார். பிறகு தெரிந்த தமிழில் கேட்டார்: "ஒண்டும் இல்ல எண்டா, ஏன் இவ்வளவு வேர்க்குது?"

உயரமான பெட்டி

முதலாவது வீடு சாய்ந்தமருதில். படகு வைத்திருக்கும் முதலாளி ஒருவர். கடையில் இருந்ததிலேயே உயரமான கேசிங்தான் வேண்டும் என்று படம் காட்டிச் சொல்லிவிட்டார். கொண்டுபோய் வைத்தால் அவருடைய இளைய மகளின் தோளுக்கு வந்தது. அதிலே சீடி ட்ரைவ் உச்சியில், ஹாட் டிஸ்க் அடியில். என் கேபிள் நடுவிலேயே நின்றுவிட்டது. முதலாளி இரண்டு கேபிளை வெட்டி முடிச்சுப் போட்டு விடலாமே என்றார். நான் பதறிப்போய், அடுத்த பஸ்ஸில் கொழும்புக்குச் சொல்லியனுப்பி, இரண்டு மடங்கு நீளமான ஒன்றை எடுப்பித்தேன். மாட்டினேன். ஹாட் டிஸ்க் ஒருமுறை தெரிந்தது, மறுமுறை மறைந்தது. ஒரு படத்தைப் பிரதி செய்தால் பாதிப் படம்தான் வந்தது. கட்டார் விமானத்தின் படிக்கட்டு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது. இந்தக் கேபிள் ஒன்றரை அடிக்கு மேல் போனால் பேச்சு பிசகிவிடும். நீளம் கூடக் கூட நம்பிக்கை குறையும். எட்டாத கேபிளை நீட்டுவதை விட்டுவிட்டு, ஹாட் டிஸ்க்கைத் தூக்கி சீடி ட்ரைவுக்குக் கீழேயே பூட்டினேன். பழைய குட்டைக் கேபிள் தாராளமாக எட்டியது. பெயர் வந்து நின்றது. பிறகு மறையவேயில்லை. நான் கதிரையிலிருந்து எழும்பிக் கைதட்டிவிட்டேன். முதலாளிக்கு மட்டும் திருப்தி இல்லை. "நாங்க கடல்ல நூறு பாகம் நீளத்துக்குக் கயிறு விட்டு மீன் புடிக்கிறம்," என்றார், "ஒங்கட சாமானுக்கு ஒண்டரை அடிக்கு அங்கால காது கேக்காதோ?"

இரண்டு பேரும் பெரியவர்

இரண்டாவது காரைதீவில், ஒரு கணித ஆசிரியர் வீடு. மரியாதைக்கு எல்லாரும் அவரை ‘சேர்’ என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவரிடம் ஏற்கனவே பழைய ஹாட் டிஸ்க் ஒன்று இருந்தது. புதியதையும் பழையதையும் ஒரே கேபிளில் மாட்டித் தரச் சொன்னார். மாட்டினேன், இரண்டுமே தெரியவில்லை. தனித்தனியாக மாட்டினால் இரண்டும் நலம். சேர்த்தால் இரண்டும் செத்த மாதிரி. ஒரு கேபிளில் இரண்டு இருந்தால், ஒன்றைப் பெரியவர், மற்றதைச் சின்னவர் என்று அவற்றின் பின்புறத்தில் உள்ள ஜம்பர் என்கிற சின்னப் பிளாஸ்டிக் தொப்பியை மாற்றிப் போட்டுச் சொல்லி வைக்க வேண்டும். இரண்டுமே பெரியவராக உட்கார்ந்திருந்தன. பழையதைச் சின்னவராக்கியதும் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது. சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, அமைதியாகச் சொன்னார்: "தம்பி, எங்கட பள்ளிக்கூடத்தில ரெண்டு அதிபர் இருந்த வருஷமும் இப்பிடித்தான், ஒருத்தரையும் காணக் கிடைக்கல்ல."

ஓட்டோவில் வந்த பெட்டி

மூன்றாவது மருதமுனையில், காசிம் காக்கா வீடு. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். சொந்தமாக நாலு கைத்தறி வைத்திருந்தார். அவருடைய மகள் ரிஸானாவுக்குச் இடுப்பில் கட்டுகிற சாரனின் கட்டங்களைக் கம்ப்யூட்டரில் கீறி வரைந்து பார்க்க ஆசை. அவளுக்காக மிகப் புதிய மதர்போட்டும் வேகமான ஹாட் டிஸ்க்கும் எடுத்தேன். பூட்டிக் கொடுத்தபோது எல்லாம் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு முறைப்பாடு வந்தது, எண்பது கம்பிக் கேபிள் பூட்டப்படவில்லை என்று. என் கேபிளில் உள்ள துளைகளை எண்ணினேன். நாற்பது. மதர்போட்டில் உள்ள ஊசிகளையும் எண்ணினேன். அதுவும் நாற்பதுக்குள்தான். எண்பது துளைக் கேபிள் வேண்டும் என்று கொழும்புக்குத் தொலைபேசியில் கேட்டேன். அப்படியொன்று உலகத்தில் இல்லை என்று சிரித்தார்கள். சரி, மெதுவாக ஓடினாலும் ஓடுகிறதே என்று விட்டுவிட்டு வந்தேன்.

நோன்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, எதிர்வீட்டுத் தொலைபேசிக்கு ரிஸானா பேசினாள். வாப்பா தூசு தட்டுவதற்காக மூடியைக் கழற்றினார், அதற்குப் பிறகு பெட்டி உயிரில்லாமல் கிடக்கிறது, இப்போது ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் புறப்பட்டுவிட்டார் என்றாள். மாமா வாசல் தாழ்வாரத்தில் கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி அந்த வாசலுக்கு வந்தால் என் கதை முடிந்தது. சைக்கிளை எடுத்தேன். மாரி மழை கொட்டுகிறது. பிரதான வீதியில் வடக்கே மிதித்த மிதியில் சங்கிலி அறாதது அல்லாஹ்வின் கருணை. பாண்டிருப்பில் எதிரே ஓட்டோ வந்தது. நடு வீதியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சாரதி பிரேக் போட்டுவிட்டு என்னை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. சைக்கிளை ஒரு தேநீர்க் கடையில் போட்டுவிட்டு, நானும் ஓட்டோவில் ஏறி, மடியில் மொனிட்டரோடு மருதமுனைக்கே திருப்பினேன்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே அத்தனை கேபிளும் கழற்றித் திரும்ப மாட்டப்பட்டிருந்தன. சிவப்புக் கோடுகள் எல்லாம் ஒரே சீராக, வெளிப்பக்கம் பார்த்தபடி வரிசையில் நின்றன. பார்க்க அவ்வளவு அழகு. அதில் இரண்டு தலைகீழ். யார் செய்தது என்று கேட்டேன். காசிம் காக்கா கொஞ்சமும் கூச்சப்படவில்லை, பெருமையோடுதான் சொன்னார்: "ஒரு கரை மேல, ஒரு கரை கீழ கிடந்தா, நெய்தவனுக்குக் கண் தெரியாதெண்டு சொல்லுவாங்க தம்பி."

விரல் சொன்னது

நல்ல காலம், ஒன்றும் கருகியிருக்கவில்லை. கேபிள்களைப் பழையபடி மாற்றினேன், உயிர் வந்தது. கூடவே அந்த எண்பது கம்பி முறைப்பாடும் வந்தது. நான் அலுத்துப்போய், இந்தக் கேபிள்கள் எல்லாம் ஒன்றுதான், எல்லாவற்றிலும் நாற்பது துளைதான், மதர்போட்டுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று காசிம் காக்காவிடம் புலம்பினேன். அவர் கையை உள்ளே விட்டார். ஹாட் டிஸ்க்கின் கேபிளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். பிறகு சீடி ட்ரைவின் கேபிளைத் தேய்த்தார். இரண்டும் ஒரே சாமான் இல்லை, ஒன்று மொத்தம், தடித்த இழை; ஒன்று மெல்லிசு என்றார். நான் சிரித்தேன். அவர் தறிப் பக்கம் போய், துணியில் இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடியை எடுத்துவந்து, கேபிளின் மேல் வைத்துக் குனிந்து, உதடு அசைய எண்ணத் தொடங்கினார். ஹாட் டிஸ்க்கின் கேபிளில் நாற்பது. சீடியின் கேபிளில் எண்பது.

துளை நாற்பதுதான், கம்பி எண்பது. அந்தக் கேபிள் மதர்போட்டின் பெட்டிக்குள்ளேயே வந்தது. ஒரு முனை நீலமாக இருந்ததை அழகுக்கு என்று நினைத்து, வேகம் தேவையில்லாத சீடி ட்ரைவுக்குக் கொடுத்திருந்தேன். தேடித் தேடிக் கொழும்பு வரைக்கும் கேட்ட சாமான் முழு நேரமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றி, சுவிட்சைத் தட்டினேன். முறைப்பாடு வரவில்லை. ஹாட் டிஸ்க் பறந்தது. ரிஸானா கட்டம் ஒன்றைக் கீறி, நிறம் மாற்றி, மறுபடி மாற்றி, வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் காசிம் காக்காவைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவர் என்னை விலக்கிவிட்டு, கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கையால தடவிப் பாக்காம எடுத்தா, சாரனும் இப்பிடித்தான் தம்பி ஏமாத்தும்."

மாமாவின் தீர்ப்பு

பிறைக்கு முதல்நாள் மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மறைத்துவிட்டு நோன்பு பிடிக்க மனம் வரவில்லை. மூன்றாவது பெட்டி பழுதானது, திரும்பி வரப் புறப்பட்டது, நான்தான் பாண்டிருப்பில் மறித்தேன் என்றேன். வாசலுக்கு வரவில்லைதான், ஆனால் வந்திருக்கும். மாமா பேப்பரை மடித்து வைத்தார். மாமி அரிசி புடைக்கிற சுளகோடு வந்து கதவடியில் நின்றுகொண்டார். முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் இருந்த மனுஷர் தீர்ப்பைச் சொன்னார்: "பாதி வழியில திரும்பின பார்சல் நம்மட கந்தோருக்கு வந்ததாகப் பதியிறல்ல."

பதில் கடிதம்

மறுநாள் மஃரிப் தொழுகையோடு பிறை கண்டார்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், நஸீர் மச்சானுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வேண்டாம் என்பதை மரியாதையாக எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். பௌஸியா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். நஸீர் காக்காவுக்குப் பதில் போய்விட்டது, வேறு ஆளை எடுத்தும் விட்டார்கள் என்றாள். எப்போது? அவருடைய கடிதம் வந்த மறுநாளே. இவர் வரமாட்டார், நான் அனுப்பவும் மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுதி, மாமாவின் கையில் படாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துத் தபாலில் போட்டிருக்கிறாள்.

இரண்டரை மாதம்! ஹாட் டிஸ்க் மறைந்தபோதெல்லாம் விமானம் ஏறி இறங்கியிருக்கிறேன். மழையில் ஓட்டோவுக்குக் குறுக்கே விழுந்திருக்கிறேன். எனக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடி கண் நிறைந்துவிட்டது. என்னை அனுப்ப மனமில்லாமல்தான் அன்று வாய் திறக்காமல் குசினிக்குப் போயிருக்கிறாள். இதை முதலிலேயே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கிழித்துப் போட்ட தாள்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா நீங்க ஒரு பெட்டியோட நிப்பாட்டியிருப்பீங்க."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: ஹாட் டிஸ்க் தெரியவில்லையென்றால் கேபிளைப் பார்க்க வேண்டும், மனைவி பேசவில்லையென்றால் தபால் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.